வெள்ளிக்கிழமை வெளியே போகாத பணம்

என் மகளுக்கு வரலாறு இல்லை என்று வங்கியில் சொன்னார்கள். கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கணினித் திரையை எங்கள் பக்கமாகத் திருப்பி, மகளின் பெயருக்கு நேரே இருந்த எண்ணைக் காட்டினார். மைனஸ் ஒன்று.

"இன்னா பரீட்சைங்க இது? பூஜ்யத்துக்கும் கீழ வாங்கியிருக்கா?" என்று கேட்டேன்.

"பரீட்சை இல்ல சார், கிரெடிட் ஸ்கோர். இதுவரைக்கும் கடனே வாங்காதவங்களுக்கு இப்படித்தான் காட்டும். கடன் வாங்கி ஒழுங்காக் கட்டுனாத்தான் நம்பர் ஏறும். பாப்பாவுக்கு ஹிஸ்டரியே இல்லையே."

ஜன்னலுக்கு வெளியே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. கோட்டையை வைத்து ஒரு நகைச்சுவை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்தக் கிளைக்கு வந்த நாளிலிருந்து அதே நகைச்சுவையை இவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ என்று விழுங்கிக்கொண்டேன். விழுங்கியதை மகள் கவனித்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சலித்துக்கொள்ளும் திறமை அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

மகள் பிசியோதெரபி படித்தவள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. அங்கே அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஆட்கள். அவலூர்பேட்டையிலிருந்து தோள்பட்டை வரும். மேல்மலையனூரிலிருந்து முழங்கால் வரும். "ரெண்டு பஸ் மாறி வராங்க நைனா. நா முட்டிய சரி பண்ணி அனுப்பறேன். பஸ் படிக்கட்டு ஏறி எறங்கி பழைய முட்டியோட வூடு போய் சேர்றாங்க" என்பாள். செஞ்சியிலேயே சின்னதாக ஒரு சிகிச்சை நிலையம் வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். இரண்டு கட்டில், வலிக்குக் கரண்ட் வைக்கும் மிஷின் ஒன்று, கை கால் பயிற்சிக்குச் சில சாமான்கள். அதற்குத்தான் கடன் கேட்டுப் போயிருந்தோம்.

அந்தக் கடனில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. இங்கே தொழில் வைத்தால் அவள் இங்கேயே இருப்பாள். சாயங்காலம் வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தம் கேட்கும். என் மனைவி மாசி மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். நாங்கள் வங்கிக்குப் போனது வைகாசியில். இதையெல்லாம் நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் அதற்கான கட்டம் இல்லை.

"ஒரு சின்ன லோன் எடுங்க சார். வண்டியோ ஃபோனோ, ஏதாவது. ஒன்றரை வருஷம் தேதி தவறாமக் கட்டுங்க. அப்புறம் வாங்க, பாப்பாவுக்கு நானே போட்டுத் தாரேன்" என்றார் அவர். நல்ல மனுஷி. இப்போதும் அவரைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

நான் பத்திர எழுத்தர். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஒரு மேஜையும் மூன்று நாற்காலியுமாக முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். ஓய்வு நேரத்தில் படிப்பேன்; சிறிய பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். சன்மானம் வராததால் அவற்றை இலக்கியம் என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த வட்டாரத்துக் கடன்களில் பாதி என் வாசகத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் கடன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நம்பினேன்.

மகள் பெயரில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினோம். ரொக்கமாகவே வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தது. இருந்தும் தவணையில் எடுத்தோம். வட்டியைக் கேட்டுவிட்டு, "நல்ல பேரு வாங்கறதுக்கு மாசா மாசம் வாடகையா?" என்றாள் மகள்.

"தவணைய நா கட்டறேன். உன் சம்பளத்த மிஷினுக்குச் சேத்து வை" என்றேன்.

"வேணாம் நைனா. என் லோனு, நானே கட்டறேன்."

"பேரு உன்னுது, காசு என்னுது. அப்பன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

அவள் ஒத்துக்கொண்டாள். அம்மா போன பிறகு எனக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்து ஒத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஏற்பாடு எளிமையானது. கல்லூரிக் காலத்தில் இந்த ஊர்க் கிளையில் அவளுக்குத் தொடங்கிய கணக்கு ஒன்று சும்மா கிடந்தது. மாதம் ஐந்தாம் தேதி விடியற்காலையில், ஃபைனான்ஸ் கம்பெனி அந்தக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். நான் நான்காம் தேதி பணத்தைக் கொண்டுபோய் வங்கி வாசலில் இருக்கும் மிஷினில் போட்டுவிட வேண்டும். கட்டுகிறவன் நான் என்பதால் எல்லா இடத்திலும் என் ஃபோன் எண்ணையே கொடுத்தேன். குறுஞ்செய்திகள் எனக்குத்தான் வரும்.

முதல் மூன்று மாதம் பிசகில்லை. நான்காவது மாதம், நான்காம் தேதி, புரட்டாசி வெள்ளிக்கிழமை.

காலையில் மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். வாசற்படியைத் தாண்டவில்லை.

இதை விளக்க என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது என்பது அவள் சட்டம். பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் தண்டனையும் உண்டு. இருபத்தாறு வருடம் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடினேன், ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

"தோ பாருங்க, எத்தினி தபா சொல்றது? வெள்ளிக்கெழம போற காசு நம்மளத் திரும்பிப் பாக்காது."

"அப்ப வெள்ளிக்கெழம வர காசு?"

"அது வரட்டும். வேணாம்னு நா சொன்னனா?"

அதே வெள்ளிக்கிழமை என் மேஜையில் யாரோ ஒருவருடைய வீட்டுக் காசு வெளியே வந்து எனக்குக் கூலியாகிறதே என்பேன். "அவங்க வூட்டம்மா சொல்லணும், நா எதுக்கு சொல்றது?" என்பாள். வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்துவிட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கொடுப்பாள். சனிக்கிழமை காலையில் திருப்பிவிடுவாள். பக்கத்து வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கிடையாதா என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவங்களுக்கு ஒன்னும் ஆவாது" என்றாள். இவ்வளவு நுட்பமான சட்ட அறிவு பதிவு அலுவலகத்தில் யாருக்கும் இல்லை.

அந்தப் புரட்டாசி வெள்ளிக்கிழமை என்னைத் தடுக்க வீட்டில் யாரும் இல்லை. யாரும் தடுக்காமல் இருந்ததுதான் சிக்கல். இருபத்தாறு வருடம் நான் ஆசைப்பட்ட சுதந்திரம் வாசலில் திறந்து கிடந்தது. அதில் கால் வைத்தால் அவள் உண்மையிலேயே இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும் என்று தோன்றியது. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சரி, போகல" என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். மாசிக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் பதில் அது.

மறுநாள் காலை, பணம் இல்லாததால் தவணை எடுக்க முடியவில்லை என்று ஃபோனில் செய்தி வந்தது. நேராக ஃபைனான்ஸ் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஒரு நாள்தான சார்? பவுன்ஸ் சார்ஜ் சேத்துக் கட்டிட்டா கிளியர் ஆயிடும். எதுக்கு டென்சன் ஆவறீங்க?"

அபராதத்தோடு கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னது என் தொழிலறிவோடு அப்படியே பொருந்தியது. பத்திரம் எழுதி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். தாமதமானால் அபராதம் உண்டு. அபராதத்தைக் கட்டிவிட்டால் அது முழுப் பத்திரம். தாமதமாக வந்த பத்திரத்தில் வீடு ஒழுகும் என்று யாரும் சொல்வதில்லை. முப்பது வருடம் இதை வாடிக்கையாளர்களுக்கு விளக்கியவன் நான். கட்டிய அபராதம் குற்றத்தைத் துடைத்துவிடும் என்று திடமாக நம்பினேன். ரசீதைக் கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

ஒன்றரை வருடத்தில் நான்காம் தேதி ஆறு முறை செவ்வாயிலோ வெள்ளியிலோ விழுந்தது. அதில் மூன்று அடுத்தடுத்த மாதங்கள்; மனைவியின் முதல் தெவசத்தை ஒட்டிய மாதங்கள். ஆறு முறையும் செருப்பு மாட்டினேன், ஆறு முறையும் கழற்றினேன். மகளிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொல்ல அப்போது மனம் வரவில்லை. சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறைப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டாவது தவணைக்கு முன்பே மகள் கடையும் பார்த்துவிட்டாள். திருவண்ணாமலை ரோட்டில், ஒரு எண்ணெய் மில்லை அடுத்து. படி கிடையாது, ரோட்டோடு சமமான தரை. முழங்கால்காரர்களுக்கு அதுதான் முக்கியமாம். முன்பணம் அவள் சேமிப்பிலிருந்து கொடுத்தாள். அளவெடுக்கச் சாவி வாங்கி, கட்டில் எங்கே, திரை எங்கே, காத்திருப்பவர்கள் எங்கே என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். "நீ இங்க ஒக்காந்து டோக்கன் குடு நைனா. ஆனா ஜோக் சொல்லக் கூடாது, இடுப்பு புடிச்சவங்க சிரிச்சா எனக்குத்தான் வேல" என்றாள். அவள் அம்மா இறந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

தை மாதம் மறுபடி வங்கிக்குப் போனோம். அதே அதிகாரி. எங்களை நினைவு வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே விவரங்களைத் தட்டியவர் சிரிப்பை மெதுவாக நிறுத்தினார். அச்சிட்ட தாள்களை மகள் முன்னால் வைத்துப் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"ஆறு தவணை ரிட்டர்ன் ஆகியிருக்கேம்மா. மூணு தொடர்ச்சியா. இருக்கறதே ஒரே ஒரு லோன். அதுலயே பதினெட்டுக்கு ஆறுன்னா மேல பாஸ் பண்ண மாட்டாங்க."

மகள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது இன்னா நைனா?"

நான் பையிலிருந்து கோப்பை எடுத்து ஆறு ரசீதுகளையும் மேஜையில் வரிசையாக வைத்தேன், மூலப் பத்திரங்களை வைப்பதுபோல. "அபராதத்தோட கட்டியாச்சுங்க. பாக்கி கெடையாது" என்றேன்.

அதிகாரி மரியாதைக்கு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். "கட்டுனதுக்கு இது ஆதாரம் சார். லேட்டாக் கட்டுனதுக்கும் இதுதான் ஆதாரம்." பிறகு மகளிடம், "மாசம் தவறாம இன்னும் ரெண்டு வருஷம் கட்டுங்கம்மா. பழசு மெதுவா மறையும்" என்றார்.

ஸ்கூட்டரை அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கு அமாவாசை, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அரை மணி நேரம் நகரவில்லை. அவ்வளவு நேரமும் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"காசு இல்லியா? இல்லன்னா சொல்லியிருக்கலாமில்ல?"

"இருந்துது."

"மறந்துட்டியா?"

"எல்லா நாளும் ஞாபகம் இருந்துது."

"பின்ன?"

"வெள்ளிக்கெழம. செவ்வாக்கெழம" என்றேன். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீயா? அம்மாவ அந்தப் பேச்சுப் பேசுவியே, நீயா?"

"இந்த வயசுல பக்தி வரதுதானே..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

"சரி, அப்டியே இருக்கட்டும். மூணாந்தேதியே போட்டிருக்கலாமில்ல நைனா?"

நியாயமான கேள்வி. எந்தக் குழந்தையும் கேட்கும். அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒரு அப்பன் மகளிடம் சொல்லக்கூடியதாக இல்லை, இருந்தாலும் சொன்னேன். மாதம் பிறந்ததும் நான்காம் தேதி என்ன கிழமை என்று காலண்டரில் பார்ப்பேன். செவ்வாயோ வெள்ளியோ என்றால் அந்த மாதம் எனக்கு ஒரு நாள் கிடைத்தது என்று அர்த்தம். மூன்றாம் தேதியே பணத்தைப் போட்டுவிட்டால் நான்காம் தேதி வாசலில் என்னைத் தடுக்க என் மனைவிக்கு வேலை இருக்காது. எனக்கு அவள் தடுக்க வேண்டும்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் ஹெல்மெட்டின் வாரைக் கோத்துக் கோத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அம்மாதான் நைனா அது" என்றாள். பிறகு, "நீ நெனக்கற மாதிரி அம்மா உன்னைத் தடுத்திருக்காது. இது பாப்பாவோட டியூன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பக்கத்து வூட்ல கைமாத்து வாங்கியாவது அன்னிக்கே கட்டியிருக்கும். அம்மாவுக்கு வழி தெரியும். உனக்குச் சட்டம் மட்டுந்தான் தெரியும்."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்கள் குறைவு. அவற்றில் மிகச் சரியானது இது.

அப்புறம் நான் வழக்கமான அப்பாக்கள் சொல்வதையெல்லாம் சொன்னேன். வீட்டை அடமானம் வைக்கலாம். பத்திரம் நானே எழுதுவேன், எழுத்துக் கூலி மிச்சம் என்றேன். வீட்டை எழுதி வைத்துவிட்டுத் தொழில் செய்தால் தனக்குத் தூக்கம் வராது என்றாள். அம்மாவின் நகையைச் சொன்னேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். வெளியில் வட்டிக்கு வாங்கலாம் என்றபோது, "அதுக்கு எவ்ளோ முட்டி நீவணும்னு கணக்குப் போட்டியா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து அவளுக்கு முன்பே அழைப்பு வந்திருந்தது. செஞ்சியில் கடை போடுவதற்காக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மறைப்பது பரம்பரைக் குணம் போலிருக்கிறது. அவள் மறைத்தது மட்டும் என் நன்மைக்காக.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

"ரெண்டு வருஷம்தான் நைனா. அந்த மேடம் சொன்னாங்க இல்ல, பழசு மறைஞ்சிரும்னு. அப்பறம் வந்துருவேன்."

"ம்."

"டியூவ இனிமே நானே கட்டிக்கறேன். ஃபோன் நம்பரும் மாத்திட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உம்மேல நம்பிக்க இல்லாம இல்ல" என்றாள்.

"எனக்கே இல்லம்மா. நீ எதுக்கு வெச்சிக்கினு?"

அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். பஸ் கிளம்பியது. 'ரெண்டு வருஷம்தான்' என்று வெளியூர் வேலைக்குப் போனவர்களின் விற்பனைப் பத்திரங்களை நான் நிறைய எழுதியிருக்கிறேன். திரும்பி வந்து கையெழுத்துப் போடுவார்கள், மறுபடி போய்விடுவார்கள்.

கடைச் சாவியை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க, செவ்வாய்க்குத் தள்ளிப்போடாமல் மறுநாள் திங்களே கிளம்பினேன். உரிமையாளர் எண்ணெய் மில்காரர். அவருடைய பாகப்பிரிவினையும் நான் எழுதியதுதான். நான் கதவைத் திறந்தபோது கூடவே உள்ளே வந்தார். தரையில் சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கட்டத்துக்குள் 'நைனா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நாற்காலியும் வரைந்திருந்தாள். அதை நான் முன்பு பார்த்திருக்கவில்லை.

"இன்னா ரைட்டரே, பொண்ணு மனசு மாறிடுச்சா? கெட்டிக்காரப் பொண்ணாச்சே. ஊரே காத்துங்கெடந்துதே" என்றார்.

"அவ மாறல. லோன் வரல."

"ஏன்? உங்களுக்கா வரல?"

"என்னாலதான் வரல. அவ வாழ்க்கைய நாந்தான் கெடுத்துட்டேன்" என்றேன். இத்தனை நாளில் ஒருவரிடமும் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு, எதையும் சேர்க்காமல், அப்படியே சொன்னேன்.

நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. எண்ணெய் மில்காரர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க வாய் இருக்குதே!" என்று தோளில் தட்டினார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவிவிடச் சொன்னார்.